புளியமரமும் நின்றிருந்த லாரியும்

நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நாளிதழ்களில் விபத்துச் செய்திக்கு வழக்கமாக இரண்டு தலைப்புகள்தான். ‘பஸ் - லாரி நேருக்கு நேர் மோதல்’ ஒன்று. ‘புளியமரத்தில் கார் மோதி’ இன்னொன்று. இன்றைய நாளிதழில் அந்த இடத்தில் வேறு வாக்கியங்கள் அச்சாகின்றன. ‘சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதி’, ‘சென்டர் மீடியனில் ஏறிக் கவிழ்ந்து’, ‘சாலையைக் கடக்க முயன்றபோது’. நிருபர்களின் நடை மாறியதால் வந்த மாற்றமல்ல இது. சாலை மாறியது, சாகிற விதமும் கூடவே மாறியது.

பழைய சாலை, புதிய சாலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஜிஎஸ்டி ரோட்டைவிட நல்ல இடம் கிடையாது. சென்னையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற சாலை. தேசிய நெடுஞ்சாலை 45 என்பது அதன் பழைய எண். 2010இல் எண்களை மாற்றியபோது திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குத் தெற்கே 38 என்று துண்டு துண்டாகப் பெயர் வைத்தார்கள். ஓட்டுகிறவர்களுக்கு இன்றும் அது ‘ஃபார்ட்டிஃபைவ்’தான்.

பழைய 45, எதிரும் புதிருமாக இரண்டு வண்டி போகிற அளவுக்குத்தான் அகலம். தார் முடிகிற இடத்தில் அரை அடிப் பள்ளம், அதற்கப்பால் செம்மண் ஓரம், அதையும் ஒட்டினாற்போல் புளியமரங்கள். அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து, மரத்துக்கு ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். பட்டை இரவில் ஓட்டுநருக்காக, எண் புளி ஏலத்துக்காக. எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் இடப்பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியே ஆகவேண்டும். அதற்குப் பெயர் ‘சைடு கொடுப்பது’. சைடு கொடுக்காதவன், சைடு கிடைக்கும் என்று நம்பி ஏறியவன், மழையில் மண் வழுக்கி மரத்துக்குப் போனவன், இவர்கள்தான் அன்றைய செய்தியில் வந்தார்கள். அறுவடைக் காலத்தில் கொள்ளையும் கேழ்வரகையும் சாலையில் பரப்பி, போகிற வண்டியை வைத்தே போரடித்துக்கொள்வார்கள். வைக்கோல் மேல் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. அதிலும் ஆள் போனதுண்டு.

இத்தனை ஆபத்தும் இருந்த அந்தச் சாலையில் ஒரு சவுகரியமும் இருந்தது. யாராலும் வேகமாகப் போக முடியாது. இருபது கிலோமீட்டருக்கு ஒரு ஊர் குறுக்கிடும். மதுராந்தகமோ திண்டிவனமோ, சாலை கடைவீதிக்கு நடுவில்தான் போகும். மாடு, சைக்கிள், சந்தைக்கு வந்தவர்கள், பஸ் நிலையத்திலிருந்து பின்பக்கமாக வெளியே வருகிற பேருந்து. இதற்கிடையில் ரயில்வே கேட் வேறு. ஸ்டியரிங்கைத் திருப்ப உடம்பு முழுவதும் வேண்டியிருந்த லாரிகள் அவை. ஐம்பதைத் தொட்டாலே பெரிய ஓட்டம். சட்டமோ காவலரோ வேகத்தைக் கட்டவில்லை. சாலையின் கேடுகெட்ட நிலைதான் கட்டியது.

ஓட்டுநர்களுக்குள் ஒரு மொழியும் இருந்தது. முந்த விரும்புகிறவன் ஹாரன் அடித்தால் முன்னால் போகிற லாரிக்காரர் வலக்கையை வெளியே நீட்டி வீசுவார்; எதிரே காலி, போ என்று பொருள். இடப்பக்கம் கிளீனர் கதவைத் தட்டுவார். ராத்திரியில் எதிரே வெளிச்சம் தெரிந்ததும் இருவரும் டிம் அடித்துக்கொள்வார்கள். ஹெட்லைட்டின் மேல் பாதியில் கறுப்புப் பெயின்ட் பூசியிருக்கும். இந்த மரியாதையைப் பண்பாடு என்று உயர்த்திப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எதிரே வருகிறவன் கண் கூசினால் அவன் என் மேல்தான் வந்து விழுவான் என்ற பயமும் அதில் பாதி இருந்தது.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். 1970இல் இந்தியாவில் பதிவாகியிருந்த மோட்டார் வாகனங்கள் சுமார் 14 லட்சம். அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்கள் ஏறக்குறைய 14,500 பேர். கிட்டத்தட்ட நூறு வண்டிக்கு ஒரு சாவு. 2022இல் இறந்தவர்கள் 1,68,491 பேர். பதிவான வாகனங்களோ முப்பது கோடியைத் தாண்டியிருந்தன. பாதிக்கு மேல் இன்று ஓடாத வண்டிகள் என்று கழித்தால்கூட, ஒரு வண்டிக்கு இத்தனை சாவு என்று பார்த்தால் பழைய சாலைதான் பல மடங்கு கொடியது. வண்டி குறைவாக இருந்ததால்தான் அன்று பிணமும் குறைவாக இருந்தது.

ஆனால் அதே அரசுப் புள்ளிவிவரத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அது எதிர்த் திசையில் போகிறது. 1970இல் நூறு விபத்து நடந்தால் 13 பேர் இறந்தார்கள். 2022இல் நூறு விபத்துக்கு 36 பேர். சில்லறை விபத்துகளை இன்று யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதில்லை, அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் நிற்கிறது. இன்றைய மோதலில் அடி பலமாக விழுகிறது. ஏர்பேக், ஏபிஎஸ், சீட் பெல்ட், உறுதியான கார், ஆம்புலன்ஸ் எல்லாம் வந்த பிறகும் பலமாக விழுகிறது.

இந்தப் புதிருக்கு விடை நாலுவழிச் சாலைக்குள் இருக்கிறது. 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் தாம்பரத்திலிருந்து தொடங்கிப் பகுதி பகுதியாக 45 நாலுவழியானது. மரங்கள் வெட்டப்பட்டன. ஊர்களுக்கு வெளியே பைபாஸ் போனது. நடுவில் சென்டர் மீடியன் வந்தது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று டோல்கேட்டுகள் முளைத்தன. நேருக்கு நேர் மோதல் என்ற பழைய எமனை மீடியன் பெருமளவுக்கு விரட்டிவிட்டது, அதை மறுக்கக்கூடாது. அந்தச் சாலை இரண்டே தடமாக இன்றைய போக்குவரத்தைச் சுமந்திருந்தால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

விரட்டியதற்குப் பதிலாக உள்ளே வந்தது வேகம். சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு நான்கு பங்கு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிற கணக்கு. ஒன்றுக்கு ஒன்று அல்ல, ஒன்றுக்கு நான்கு. ஐம்பதில் போன சாலையில் நூறில் போனால் என்ன ஆகும் என்பதை இதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். நடந்து போகிறவர் மேல் 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதுவதைவிட 65இல் மோதினால் அவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம். ஆக்சிலரேட்டரில் கால் விரல் கொஞ்சம் அழுந்துவதுதான்.

குண்டும் குழியுமான சாலைதான் ஆளைக் கொல்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். டீக்கடையில் பேச்சு, சட்டமன்றத்தில் கேள்வி, மீம்ஸ் எல்லாம் குழியைப் பற்றித்தான். 2022இல் நாடு முழுவதும் குழியால் நேர்ந்த சாவுகள் 1,856. இது சின்ன எண்ணல்ல; ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒப்பந்ததாரர் பதில் சொல்லவேண்டும். ஆனால் மொத்தச் சாவில் அது நூற்றுக்கு ஒன்றுதான். அதே ஆண்டில் விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, வளைவில்லாத நேர்ச்சாலையில் நடந்தவை. நாட்டின் சாலை நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் தேசிய நெடுஞ்சாலை. சாவில் 36 பங்கு அதில். நல்ல சாலைதான் அதிகம் கொல்கிறது. சொல்லக் கசப்பாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

நின்றிருந்த லாரிக்கு வருவோம். தமிழ்நாட்டின் இன்றைய விபத்துகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சியைப் பிரித்துப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

லாரி ஏன் நிற்கிறது? டயர் பஞ்சர், ஆக்சில் முறிவு, டீ, சிறுநீர், தூக்கம், போன், அல்லது முன்னால் செக்கிங். எங்கே நிற்கிறது? நிறுத்தக் கட்டிய இடங்கள் தூரத் தூரமாக இருப்பதால், இடது ஓரத்தில். ஓரம் ஒரு லாரியின் முழு அகலத்துக்குப் போதாத இடங்களில் வலது பின் சக்கரம் தடத்துக்குள் நிற்கும். பின்விளக்கு மண்ணும் டீசல் புகையும் படிந்து மங்கியிருக்கும், சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கும். முன்னே கிளீனர் என்று ஒருவர் இருந்தார். வண்டி நின்றதும் குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்னால் போய்க் கல்லை அடுக்கி, வேப்பங்கொத்தோ வேலிக்காத்தான் கிளையோ ஒடித்துச் சாலையில் போட்டு எச்சரிக்கை வைப்பது அவர் வேலை. ஓட்டுநர் கண் அசராமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவதும் அவர் வேலைதான். வாடகை கட்டவில்லை, டோல் கூடிவிட்டது, டீசல் ஏறிவிட்டது என்று உரிமையாளர்கள் முதலில் கைவைத்தது கிளீனர் சம்பளத்தில். இப்போது நெடுந்தூர லாரி பலவற்றில் ஓட்டுநர் ஒற்றை ஆள். பஞ்சரானால் அவரே ஜாக்கியும் போடவேண்டும், அவரே பின்னால் போய்க் கல்லும் வைக்கவேண்டும்.

கார் எங்கிருந்து வருகிறது? சென்னையிலிருந்து. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, பிள்ளைகளைக் கிளப்பி, பத்து மணிக்கு மேல் புறப்பட்டால் டிராஃபிக் இருக்காது, விடியும்போது ஊரில் இருக்கலாம் என்ற கணக்கு. வாடகைக் காராக இருந்தால் ஓட்டுநர் பகல் முழுவதும் வேறு சவாரி ஓட்டிவிட்டு வந்திருப்பார். பின்சீட்டில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள், பெல்ட் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் மனித உடம்பு தன்னால் தளர்கிற நேரம். சாலையோ ஒரே நேர், ஒரே சீர், ஒரே சத்தம். பழைய 45இல் தூங்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று உலுக்கிவிடும். இந்தச் சாலை ஓட்டுநரைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறது.

மணிக்கு நூறு கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். விழிப்பாக இருக்கிற ஓட்டுநர்கூடத் தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 40 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க இன்னொரு 50, 60 மீட்டர் வேண்டும். ஆக நூறு மீட்டர். டிம் லைட்டில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதோ அதில் பாதி. அதாவது மங்கிய பின்விளக்கோடு நிற்கிற லாரியைப் பார்க்கிற நொடியிலேயே கதை முடிந்துவிட்டது. தூக்கம் வந்திருக்கவே தேவையில்லை. லாரியின் பின்பகுதி காரின் பானெட்டைவிட உயரம் என்பதால் கார் அதன் அடியில் புகுந்துவிடும். இடிதாங்கிக் கம்பி ஒழுங்காக இல்லாத லாரியானால், மோதலை வாங்குவது கண்ணாடியும் அதன் பின்னால் இருக்கிற தலைகளும். ஏர்பேக்குக்கு அங்கே வேலையே வருவதில்லை.

மறுநாள் செய்தியில் ‘டிரைவர் தூங்கியதால்’ என்று ஒரே வரியில் முடியும். தூங்கினார், சரி. லாரி ஏன் அங்கே நின்றது, அதன் விளக்கு ஏன் எரியவில்லை, லாரி ஒதுங்க ஏன் இடம் இல்லை, ரோந்து வண்டி அதை எத்தனை மணி நேரம் பார்க்கவில்லை, இந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் இடமில்லை. சில மாவட்டங்களில் காவலர்கள் நள்ளிரவுக்கு மேல் கார்களை நிறுத்தி, ஓட்டுநரை முகம் கழுவவைத்து அனுப்புகிறார்கள். எளிய வேலைதான், ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை.

சாலையைக் கடக்க முயன்றவர்களின் கதை வேறு. காரில் போகிறவர்களுக்கு நாலுவழிச் சாலை இரண்டு நகரங்களை இணைக்கிறது. ஓரத்து ஊர்க்காரர்களுக்கு அது ஊரை இரண்டாக வெட்டுகிறது. வீடு கிழக்கே, வயல் மேற்கே. பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், ரேஷன் கடை அந்தப் பக்கம். சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். யூடர்ன் போட இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வரவேண்டும். பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிறவர், சொசைட்டி முந்நூறு மீட்டரில் இருக்கும்போது நாலு கிலோமீட்டர் சுற்றுவாரா? ராங் சைடில் வருவார். மீடியனில் யாரோ கல்லைப் பெயர்த்து வழி செய்திருப்பார்கள், அதில் நுழைவார். அரசுப் பேருந்து சர்வீஸ் ரோட்டுக்குள் இறங்காமல் மெயின் ரோட்டிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகும். இறங்கிய கிழவி கைப்பையோடு, மீடியனும் ஓரமும் சேர்த்து ஆறேழு தடம் அகலத்தைக் கடக்கவேண்டும். நூறில் வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க அவருக்கு வாழ்நாளில் பழக்கம் இல்லை. மாட்டுவண்டி வேகத்தையும் டவுன்பஸ் வேகத்தையும் அளந்து வளர்ந்த கண் அது.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடந்து போனவர்கள் ஏறக்குறைய 20 விழுக்காடு. மூன்றில் இரண்டு பங்குச் சாவு, டோல்கேட்டில் காசு கட்டாதவர்களுடையது. யாருக்காகச் சாலை போட்டார்களோ அவர்கள் காருக்குள் இருக்கிறார்கள்.

ஓட்டுநரின் நடத்தையும் சாலையின் அமைப்பும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்பதற்குத் தருமபுரி - சேலம் சாலையில் தொப்பூர் கணவாயைப் பார்க்கலாம். மேலிருந்து நீளமான இறக்கம், கீழே வளைவு, இரட்டைப் பாலம். பாரம் ஏற்றிய லாரியைக் கியரில் போட்டு, என்ஜினின் பிடிப்பில் மெதுவாக இறக்கவேண்டிய இடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் தட்டிவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். திரும்பத் திரும்ப மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், பிடிப்பு தளரும், ஏர் இறங்கும். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று அங்கே பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநரின் தவறு, சந்தேகமில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வெவ்வேறு ஓட்டுநர்கள் அதே தவறைச் செய்துகொண்டிருந்தால், அந்த இடம்தான் அவர்களை அழைக்கிறது. அரை கிலோமீட்டருக்குள் மூன்று ஆண்டில் உயிர்ப்பலியோ பலத்த காயமோ நேர்ந்த விபத்து ஐந்து நடந்தாலோ, பத்துப் பேர் இறந்தாலோ அதைக் கரும்புள்ளி என்று குறிப்பது தேசிய நெடுஞ்சாலைகளின் விதி. அந்த எண்ணிக்கை வரும்வரை காத்திருப்பதை விதியாக எழுதிவைத்திருக்கிறோம். தொப்பூருக்கு இப்போது உயர்மட்டச் சாலை திட்டம் வந்திருக்கிறது.

ஓட்டுநருக்கு நாம் கற்றுத்தருவதும் பழைய சாலைக்கான பாடம்தான். எட்டுப் போட்டால் லைசென்ஸ். கால் ஊன்றாமல் வண்டியை வளைத்துத் திருப்புவது சந்துக்குள் பயன்படும். கிராமத்து விலக்கிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்து ஓட்டத்தில் எப்படிக் கலப்பது, முன்வண்டியோடு எத்தனை நொடி இடைவெளி விடுவது, வலது தடம் முந்துவதற்கு மட்டும் என்பது, இதெல்லாம் நடைமுறைத் தேர்வில் கிட்டத்தட்ட கிடையாது. அதனால்தான் பாரம் ஏற்றிய லாரி வலது தடத்தில் ஊர்ந்துகொண்டே போகிறது, கார்கள் இடப்பக்கமாக நெளிந்து முந்துகின்றன. கைகாட்டி ‘போ’ என்று சொன்ன அந்த மொழி செத்துப்போனது; புதிதாக ஒன்று பிறக்கவில்லை.

நடுவில் ஒரு பெருமைக் காலம் வந்துபோனது. 2016இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,218 பேர். 2018இல் 12,216, 2019இல் 10,525, 2020இல் 8,059 என்று எண் இறங்கியது. நாலே ஆண்டில் பாதி. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி கூட்டத்துக்குக் கூட்டம் தமிழ்நாட்டைப் பாருங்கள் என்றார். மற்ற மாநில அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். நாமும் நெஞ்சு நிமிர்த்தினோம். பிறகு மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அறிக்கை வந்தது. அதில் தமிழ்நாட்டின் பழைய எண்கள் திருத்தப்பட்டிருந்தன. 2018க்கு 18,394. 2019க்கு 18,129. 2020க்கு 14,527. குறைவு என்று எதைக் கொண்டாடினோமோ அது கணக்கிலிருந்து மறைந்தது. 2019இல் மட்டும் ஏழாயிரத்து அறுநூறு பேர், செத்தும் எண்ணப்படாமல் கிடந்து பின்னால் பட்டியலில் ஏறினார்கள். 2020இல் குறைந்தது உண்மைதான். அந்த ஆண்டு ஊரடங்கில் சாலையே காலியாகக் கிடந்தது. 2023இல் எண் 18,347. அந்த ஆண்டு 67,213 விபத்துகளோடு நாட்டிலேயே முதல் இடமும் நமக்குத்தான்.

இந்தத் திருத்தத்தைப் பற்றித் தமிழில் நடந்த விவாதம், ஒரு சினிமா டீசருக்கு நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எனக்கு இதுதான் விபத்துகளைவிட அதிகக் கோபம் தருகிறது. தவறான எண்ணை நம்பிய அந்த ஆண்டுகளில், எது பலித்தது என்று தேடிக்கொண்டிருந்தோம். எதுவும் போதுமான அளவு பலிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

உண்மையாகவே மாறிய சில உண்டு. அவை சாலையிலும் இல்லை, ஓட்டுநரிடமும் இல்லை; விபத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் இருக்கின்றன. அன்று அடிபட்டவரைத் தூக்க ஆள் வராது. போலீஸ் கேஸ், சாட்சி, கோர்ட் என்று பயம். யாராவது மனசாட்சியுள்ள லாரிக்காரர் ஏற்றிக்கொண்டால் உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலும் முதலில் ஸ்டேஷன் கடிதம் கேட்பார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம், உதவி செய்தவரைத் தொல்லை செய்யக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில், அதே ஜிஎஸ்டி ரோட்டின் ஓரத்தில், ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்காத சிகிச்சை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை. எந்த மாநிலத்துக்காரர் அடிபட்டாலும் உண்டு. தமிழ்நாட்டில் நூறு விபத்துக்கு 28 சாவு, உத்தரப் பிரதேசத்தில் ஐம்பதுக்கு மேல் என்ற வித்தியாசத்தில் நமது மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்றே நம்புகிறேன்.

ஹெல்மெட் கதையும் பாதி வெற்றி. 2007இல் ஒரு உத்தரவு வந்து நீர்த்துப்போனது. 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கறாராகச் சொன்னதும் ஒரே வாரத்தில் கடைகளில் சரக்கு தீர்ந்தது, விலை இரண்டு மடங்கானது. கிடைத்ததை வாங்கினார்கள், பிளாட்பாரத்தில் விற்ற பிளாஸ்டிக் சட்டிகளும் தலையேறின. அபராதம் நூறிலிருந்து ஆயிரமானது 2022 அக்டோபரில். நகரத்தில் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஊர்ப்புறத்தில் இன்றும் அது டேங்க் மேல் பயணம் செய்கிறது.

மதுவில் நாம் ஒரு அடி வைத்து ஒரு அடி பின்வாங்கினோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் தொடக்கம் தமிழ்நாடு, வழக்கறிஞர் கே.பாலு போட்டது. ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று 2017இலேயே விளக்கம் வந்தது, பல கடைகள் மறுபடி திறந்தன.

ஆகவே, சாலையா ஓட்டுநரா என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். பழைய சாலையின் குறைகளை ஓட்டுநர் தன் கவனத்தால் ஈடுகட்டினார், முடியாதபோது செத்தார். புதிய சாலை அந்தக் கவனத்தைத் தேவையில்லாததாக ஆக்கியதுபோல் நடிக்கிறது. ஆனால் ஒதுங்கும் இடம், விளக்கு, சர்வீஸ் ரோடு, நடைமேம்பாலம், வேகக் காமிரா, ரோந்து என்று கவனத்தின் இடத்தில் வைக்கவேண்டியவற்றை அரைகுறையாகத்தான் வைத்தது. தவறு செய்யாத மனிதனுக்காகக் கட்டிய சாலை இது. அப்படி ஒருவர் லைசென்ஸ் வாங்கியதில்லை.

போலீஸ் ஏட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 304ஏ. இன்று பாரதிய நியாய சன்ஹிதா 281, 106. எண் மாறினாலும் எழுதப்படுவது ஒரே வாசகம்: ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால். வண்டியை ஓட்டியவர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறுகிறது. மீடியனில் ஓட்டை விட்டவர், ஓரம் இல்லாமல் சாலையை முடித்தவர், சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கவிட்டவர் பெயர் ஏறுவதில்லை. இவ்வளவுக்கும் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ விதித்த தரத்தைக் கைவிட்டு, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர், டோல் வசூலிக்கும் நிறுவனம் யாரானாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை அற்பம்தான், ஆனாலும் ஏட்டில் பெயர் ஏறும். உங்கள் ஊர் விலக்கில் அடுத்து ஒரு விபத்து நடந்து, ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போகவேண்டி வந்தால், அந்தப் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.